தேய்க்க ஆள் இல்லை

...யாரும் இல்லை என்றா சொன்னான், அவன் வாய்தானா அது, பக்கத்தில் நின்று வேறு யாராவது சொல்லிவிட்டார்களா என்று அன்பரசு திரும்பிக்கூடப் பார்த்தான், செம்மண்டலத்து வாட்டர் சர்வீஸ் கடையில் அவனும் கடைக்காரர் சிங்காரமும் மாமனாரின் மெரூன் கலர் காரும்தான். சிங்காரம் கேட்டது சாதாரணக் கேள்வி. "மெழுகுன்னா பளபளப்பு ஜாஸ்தி சார், ஆனா நம்மூரு உப்புக்காத்துக்கு ரெண்டு மாசம்தான் நிக்கும், மறுபடி கையால தேய்க்கணும். சீலண்ட்டுன்னா கெமிக்கல், ஒரு வருஷம் தொடவே வேணாம். வீட்ல தேய்க்க ஆளு இருக்கா?" அதற்குத்தான் அவன், கொஞ்சம்கூடத் தயங்காமல், "ஆளு யாரும் இல்ல, சீலண்ட்டே போட்டுடுங்க" என்றான்.

ஆள் இல்லையா? சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய பனியனை மெழுகு டப்பாவில் தொட்டுத் தொட்டு, பானட்டில் முகம் தெரிகிற வரைக்கும் தேய்ப்பாரே லூர்துசாமி மாமா, அவர் யார்? சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார், படுத்துத்தான் இருக்கிறார், பிழைத்துவிட்டார், வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னபோது ஜெயராணி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவள் புருஷன் இவனும்தானே பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்... அந்தக் கண்ணீர் பொய்யா? சத்தியமாகப் பொய்யில்லை. அப்படியானால் இந்த வாய் அவரை எப்போது கழித்துக்கட்டியது? இத்தனை நாளாகக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அவனே ஓட்டுகிறான், சீட்டைத் தன் காலுக்குத் தகுந்தபடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டான், கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக்கூட, ரோட்டை மறைக்கிறதென்று, கழற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டான்... அடப் பாவி. ஒவ்வொன்றும் சின்ன விஷயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷனைப் புதைத்தே விட்டதா?

நிறுத்தச் சொல்ல வேண்டும், மெழுகே போதும் என்று சொல்ல வேண்டும், அதற்குள் சிங்காரம் பழைய மெழுகை எடுக்கிற ஷாம்பூவை ஊற்றிவிட்டார், அது போனால்தான் சீலண்ட் பிடிக்குமாம்... இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மேலே எதைப் பூசுவது என்பது இனிமேல்தான், சொல்லிவிடு, வாயைத் திற என்று தன்னையே நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, மாமாவேதான். "வண்டி கழுவியாச்சா மாப்ள? மெழுகு டப்பா காலியா கெடக்கும், ஒண்ணு வாங்கி வச்சிடுங்க, வந்ததும் மெள்ளத் தேய்ச்சிக்கிறேன்." குரலில் தெம்பு இருந்தது. "இல்ல மாமா, சீலண்ட்டு போடச் சொல்லிட்டேன். நீங்க தேய்க்கவே வேணாம், ரெஸ்ட்டு எடுங்க." எவ்வளவு பாசமாக வருகிறது, வெட்கமே இல்லாமல். அந்தப் பக்கம் வார்டில் யாரோ இருமினார்கள். "தேய்க்கவே வேணாமா," என்றார் மாமா, பிறகு, "சரிங்க மாப்ள. இனிமே நீங்கதான ஓட்டப்போறீங்க, உங்க வண்டி, உங்க இஷ்டம்."

அப்படியில்லை மாமா என்று சொல்லியிருக்க வேண்டும், நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் அதற்கு முன்னால், உங்க வண்டி என்று கேட்ட அந்த நிமிஷமே, நெஞ்சுக்குள் என்னவோ குளிர்ந்தது, வெயிலில் நின்றவனுக்கு மோர் கிடைத்த மாதிரி, அவ்வளவு சந்தோஷம்... ஐயோ, இது யாருடைய சந்தோஷம், எங்கே இருந்தது இவ்வளவு நாள்? சிங்காரம் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே வந்து, "ஆரம்பிச்சிடலாமா சார்?" என்றார். போனைக் காதில் வைத்தபடியே அன்பரசு தலையாட்டினான்.