அவர் அளவில் நின்றுபோன சீட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தருமபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தபோது, பழைய கார் ஒன்றின் ஓட்டுநர் சீட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு தலையணைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். பார்த்தது அவ்வளவே. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'கடற்காற்றில் துருவேறிய நினைவுகளைச் சுமந்தபடி அந்தக் கார்...'

வேண்டாம். காருக்கு நினைவு கிடையாது. வைத்திருப்பவருக்குத்தான் அந்தத் தொல்லை.

இரண்டாம் தொடக்கம்: மெஹர் பானு குள்ளம். கணவர் கமாலுதீன் ஆறடி. ஷார்ஜா போகுமுன் அவர் கடைசியாக ஓட்டி நிறுத்தியபோது சீட்டு எங்கே இருந்ததோ, நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறது. சீட்டை நகர்த்தும் சுவிட்சை அமுக்கினால் அவர் உட்கார்ந்த இடம் போய்விடும் என்று அவள் தொடவில்லை. (கதைக்குள் வந்துவிட்டார், இனி 'அவள்'தான். 'அவர்' என்றால் எட்டிப்போகிறார்.) ஓட்டக் கற்றுக்கொண்டபின் வேறு வழியில்லாமல் அமுக்கியபோது சீட்டு அசையவில்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்து ஓட்டினாள். போன வாரம் கீழவாஞ்சூர் சாலையில் நிலக்கரி லாரி ஒன்று சட்டென்று நிற்க, தலையணை நழுவி, பிரேக்குக்குக் கால் எட்டாமல், மயிரிழையில் தப்பினாள்.

(நான்கு வருடம் ஒருத்தி சீட்டைச் சரிசெய்யாமல் சும்மா இருப்பாளா என்று என் மனைவி கேட்டாள். அந்த வரியை வெட்ட மனம் வரவில்லை.)

3

ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே முஸ்லிம் வீடுகளில் வெளிநாட்டுப் பிழைப்புக்குப் பெயர் சபர். பிறைக் கணக்கில் இரண்டாம் மாதத்துக்கும் சபர் என்றுதான் பெயர். அந்த மாதத்தில் ஒருநாள் கமாலுதீன் போனில், "சபர் முடிஞ்சதும் வந்துடுறேன் பானு" என்றார். அவர் சொன்னது பிழைப்பை. அவள் காதில் விழுந்தது மாதம்.

அடுத்த பிறை தெரிந்ததும் திரைச்சீலையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, விமானம் எப்போது என்று கேட்டாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவளுக்கு அவர் வேண்டும். இதைச் சுற்றி வளைத்து எழுதிய பக்கங்கள் குப்பைக்கூடையில் கிடக்கின்றன.

4

மெக்கானிக் வைத்தியலிங்கம் விசைப்படகு ஒயரிங்கில் கை பழகியவர். சுவிட்சைக் கழற்றியதுமே உப்புக்காற்றின் வேலை என்று சொல்லிவிட்டார். உள்ளே செம்பெல்லாம் களிம்பு. சுரண்டித் துடைத்து மாட்டி, அமுக்கிப் பார்க்கச் சொன்னார்.

மெஹர் பானு விரலை வைத்தாள். அமுக்கவில்லை.

"முன்னால கொண்டாந்துட்டா, மறுபடி அதே எடத்துக்குப் போவுமா அண்ணே?"

"சீட்டு போவும்மா. எந்த எடம்னு அதுக்குத் தெரியாது. நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும்."

சீட்டு நகரும் கம்பியில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். (ஏன் என்று எனக்கே பிடிபடவில்லை. கோடு போட்டுவிட்டால், அவர் இல்லாததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும் என்று பயந்திருக்க...)

5

முடிவு ஒன்று: அமுக்குகிறாள், வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாள். நியாயமான முடிவு, ஆனால் என் நெஞ்சு ஒப்பவில்லை.

முடிவு இரண்டு: தலையணைகளையே திரும்ப வைத்துக்கொள்கிறாள். அழகாக இருக்கும். அடுத்த லாரியில் ஆளைக் கொன்றுவிடும்.

முடிவு மூன்று: கமாலுதீனே வாசலில் வந்து நிற்கிறார். நாலு முறை எழுதினேன். அவருக்கு முகம் வரவில்லை.

ஆகவே நீங்களே அமுக்குங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டுத் தட்டினால் அந்தச் சீட்டு வந்துவிடாது. வந்து சேரும்வரை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் எடுத்த இடத்தில் நின்றுவிடும்.