பானெட்டில் இரண்டு ஓட்டை

கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவனைப் பெயின்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். இவனை எல்லாரும் பாலிஷ் என்றுதான் கூப்பிட்டார்கள். தங்கச்சியின் பந்தயக் காரை எந்நேரமும் துடைத்துக்கொண்டே இருந்தால் வேறென்ன சொல்வார்கள்? என்ஜினை மூடும் அந்தச் சிவப்பு பானெட்டுக்கு மட்டும் ஏழு பூச்சு. ஈ உட்கார்ந்தால் வழுக்கிவிடும்.

அப்பேர்ப்பட்ட பானெட் அன்று காலை ஒத்திகை ஓட்டத்தில் மானத்தை வாங்கிவிட்டது. நேர் பாதையில் தங்கச்சி முழு வேகத்தில் வரும்போது பூட்டு விட்டுப்போய், படாரென்று ஒரு சாண் எழும்பி நின்றது. உள்ளே இன்னொரு கொக்கி பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள். இல்லாவிட்டால் முன் கண்ணாடியில் வந்து அறைந்திருக்கும். வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் பின் போட்டுக் கொண்டுவாங்க. இல்லன்னா இன்னைக்கு இந்த வண்டி ஓடாது."

பந்தயத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. பக்கத்துக் கொட்டகைக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜோடி பின் வாங்கினான் பாலிஷ். துணியில் குத்துகிற சமாச்சாரம் இல்லை இது. விரல் தடிமனுக்கு இரும்புத் தண்டு. கீழே சட்டத்தில் அதை முடுக்கி நிறுத்த வேண்டும். பானெட்டில் ஓட்டை போட்டு, தண்டின் தலையை வெளியே விட வேண்டும். தலையில் உள்ள துளையில் கிளிப்பை மாட்டிவிட்டால் போதும், எவ்வளவு காற்றடித்தாலும் பானெட் அசையாது.

தண்டுகளை மளமளவென்று நிறுத்திவிட்டான். பானெட் பக்கம் திரும்பியதும் டேப்பை வைத்து அளந்துகொண்டே நின்றான்.

"அண்ணா, என்ன நின்னுட்ட? சீக்கிரம்!" ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு தங்கச்சி நின்ற இடத்திலேயே குதித்தாள். "வருஷம் பூரா இந்த ஒரு ஓட்டத்துக்காகத்தான் உயிரை விட்டிருக்கேன்!"

"மூணு தடவை அளந்தா மூணு விதமா வருது. இடம் தப்பிப் போட்டா பானெட்டும் போச்சு, பந்தயமும் போச்சு. நான் என்ன செய்ய?"

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் அவன் மனைவி. பல் டாக்டர், கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"ஏங்க, இதுக்கா இந்த முழி முழிக்கிறீங்க?"

கைப்பையைத் துழாவி நீல மைத்தாளை எடுத்தாள். பல்லை அடைத்த பிறகு எங்கே இடிக்கிறது என்று பார்க்க, வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, அதே தாள். துண்டு கிழித்து, மைப்பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு தண்டுகளின் தலையிலும் ஒட்டினாள். பானெட்டை மெதுவாக இறக்கி உள்ளங்கையால் தட்டினாள்.

"ம், நல்லா கடி. போதும், வாயைத் திற."

திறந்து பார்த்தால், உள்பக்கத்தில் பொட்டு வைத்ததுபோல இரண்டு நீலப் புள்ளி!

"அண்ணி, நீங்க எங்கயோ போயிட்டீங்க!" என்று கத்தினாள் தங்கச்சி.

டிரில்லும் டாக்டர் கைக்கே போனது. ஏழு பூச்சுக்காரனுக்கு அந்தத் தைரியம் ஏது? அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக்கிக்கொண்டான். கிர்ரென்று சத்தம் வந்ததும் இவனுக்குப் பல் கூசியது.

"வலிக்காதுங்க, இதோ ஆச்சு" என்றாள் அவள், புருஷனைப் பார்த்து.

தண்டுகள் ஓட்டைகளில் கச்சிதமாக ஏறின. கிளிப்புகள் 'டக், டக்' என்று உட்கார்ந்தன. அதிகாரி இரண்டு கையாலும் பானெட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது இம்மியும் அசையவில்லை. "சரி, போங்க" என்றார்.

தங்கச்சி பறந்தாள்!

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான் பாலிஷ். கார் நேர் பாதைக்கு வரும்போதெல்லாம் கம்பிமேல் எக்கி எக்கிப் பார்த்தான். காலையில் கொக்கி மட்டும் பிடிக்காமல் இருந்திருந்தால்? ஒரே தங்கச்சி. நினைக்கவே பயமாக இருந்தது. முன்னால் யார், பின்னால் யார், எதுவும் கண்ணில் படவில்லை. அந்த இரண்டு கிளிப்புகளை மட்டுமே பார்த்தான்.

"தொறக்கல!" என்று அலறினான். அடுத்த சுற்றிலும் அதே அலறல். "தொறக்கவே இல்ல!"

"ஏங்க, அங்க பாருங்க, முந்துறா!" என்று மனைவி தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் எங்கே பார்த்தான்?

கொடி விழுந்தது. கூட்டம் காது கிழியக் கத்தியது. கார் வந்து நின்றதும் முதல் ஆளாக ஓடிப்போய், இறங்கியவளைக் கட்டிக்கொண்டான். பொலபொலவென்று கண்ணீர்.

"அண்ணா, பாத்தியா? கடைசி வளைவுல எப்படி உள்ள புகுந்தேன்னு பாத்தியா?"

"இல்லம்மா" என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எத்தனாவதா வந்த?"

தங்கச்சி வாயைப் பிளந்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"முதல்ல வந்திருக்கேண்ணா! நான்தான் முதல்ல!"

மற்றவர்கள் கத்தி ஓய்ந்து, தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். பாலிஷ் அப்போதுதான் 'ஜெயிச்சாச்சு' என்று கத்தவே ஆரம்பித்தான்.