ஈட்டிக்கு வாய் முளைத்தது

உப்புச் சுரங்கத்திலிருந்து மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். வாசலில் ஒரு கொல்லன் உலை மூட்டிக் காத்திருந்தான்.

"ஆளுக்கு ஒரு மந்திரம் ஏத்தித் தர்றேன்னு சொல்றான்," என்றாள் அக்கா. "ஒரு ஆயுதத்துல ஒண்ணுதான் நிக்கும். புதுசு ஏத்தினா பழசு அழிஞ்சிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

கொல்லன் அக்காவின் வாயில் மட்டும்தான் இருந்தான். சுரங்கமும் அப்படித்தான். சாப்பாட்டு மேசைமேல் உண்மையில் இருந்தவை கட்டம் போட்ட ஒரு தாள், பகடைகள், பாதி காலியான பிஸ்கட் தட்டு. ஞாயிறு மதியங்களில் அக்கா கதையை நடத்துவாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரராகக் கதைக்குள் நடந்து, இன்னது செய்கிறேன் என்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. புது ஃபிரேம்களோடு வரும் மாதிரி லென்ஸ்களுக்கு வண்ணம் பூசி, அவற்றையே காய்களாக வைத்திருந்தாள்.

பச்சை லென்ஸ் வில்லாளி. அது அக்காவின் ஒரே தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். பழுப்பு லென்ஸ் சுத்தியல் ஏந்திய குள்ளன். அது அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக், சின்னவளுக்கு மாமா. மஞ்சள் லென்ஸ் ஈட்டிக்காரி. அது மாமாவின் தங்கை பொடிசு. படிப்புக்காக வந்து இந்த வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். இங்கே வரும்போதெல்லாம் சின்னவள் படுத்துக்கொள்ளும் அறையில்தான் இப்போது பொடிசின் துணிகள் தொங்குகின்றன.

"எனக்கு சுத்தியல் வெளிச்சம் குடுக்கணும்," என்றார் மாமா.

"வெளிச்சமா? தீ இருக்கு, பனி இருக்கு, எறிஞ்சா கைக்குத் திரும்பி வர்றது இருக்கு."

"லிஃப்ட் குழிக்குள்ள இறங்கிப் பாரு, தெரியும். டார்ச் பிடிக்க எனக்கு மூணாவது கையா இருக்கு?"

சின்னவள் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவள் நாள் முழுவதும் செய்வதும் அதுதான். பனி எதிரியைத் தாமதப்படுத்தும். தீ ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு பகடை கூட்டும். சராசரி, தவறும் வாய்ப்பு, இரண்டையும் எழுதிக் கோடிட்டாள். "தீ," என்றாள்.

"எனக்கு ஈட்டி பேசணும்," என்றாள் பொடிசு.

மாமா சிரித்தார். "பேசி? எதிரியோட சமாதானம் பேசுமா?"

"காவலுக்குத் தனியா நிக்கும்போது பேச்சுத்துணைக்குண்ணா."

பேச்சுக்கு ஒரு பகடைகூடக் கிடையாது. சின்னவளுக்கு அந்தப் பெண்மேல் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு காட்டுவழியில் ஓநாய்கள் வந்தன. பொடிசு ஈட்டியைத் தூக்கினாள்.

"ஏய், இடது கையில பிடிக்காதடி. தலை சுத்துது," என்றது ஈட்டி.

மூக்கால் இழுத்து, ஒவ்வொரு சொல்லின் வாலையும் நீட்டி, உலகத்துச் சோம்பலையெல்லாம் திரட்டி வைத்த ஒரு குரல். மாமா தேநீரைச் சிந்திக்கொண்டார்.

"எதிர்ல ஓநாய் நிக்குது!" என்றாள் பொடிசு.

"நிக்கட்டும். நான் இன்னும் பல்லே விளக்கல."

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அக்காவுக்கும் அவளுக்கும் ஒரே அறை இருந்த காலத்தில், பரீட்சை நேரத்தில், அவளுடைய மேசை விளக்கு அந்தக் குரலில்தான் பேசும். 'எனக்குக் கண்ணு எரியுது, அணைச்சிட்டுப் படுடி' என்று புலம்பும். அறைக்கு வெளியே யாரும் அதைக் கேட்டதில்லை. அம்மாகூட.

பேசும் ஆயுதம் என்றால் யார் பேசுவார்கள் என்பதைத்தான் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று அவள் தீ அம்பால் இரண்டு ஓநாய்களை வீழ்த்தினாள். "பதினாறு. செத்துடுச்சு," என்றாள் அக்கா. அவ்வளவுதான். பொடிசின் ஈட்டி ஓர் ஓநாயின் வாலைக் கீறியது. அதற்கு ஈட்டி மன்னிப்புக் கேட்டது, ஓநாயின் குடும்பத்தை விசாரித்தது, பொடிசைக் கருமி என்றது. பொடிசு மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள். அக்காவுக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதன்பின் எல்லா ஞாயிறும் அப்படித்தான் போயின. சின்னவளின் அம்புக்கு ஓர் எண் கிடைக்கும். ஈட்டிக்கு ஒரு கதை கிடைக்கும்.

ஒருநாள் காலையில் அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். "ஒரு நிமிஷம் இருடி," என்ற அக்கா போனைக் கீழே வைக்காமலே யாரையோ அதட்டினாள். "எழுந்திரிடீ. பஸ் போயிடும். நான் இரும்பு, எனக்கே குளிர் விட்டுப்போச்சு, உனக்கென்ன?"

அதே குரல். விளையாட்டுக்கு வெளியே, சமையலறையிலிருந்து, வார நாளில்.

"சொல்லு, என்ன விஷயம்?" என்று அக்கா தன் குரலுக்குத் திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் சின்னவள். உண்மையிலேயே என்ன சொல்ல அழைத்தோம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

சதுப்பு நிலத்தின் கரையில் இரண்டாவது கொல்லன் வந்தான். அங்கிருந்து மந்திரவாதியின் கோபுரம் தெரிந்தது. இந்த முறை பட்டியலில் புதிதாக ஒன்று இருந்தது: அமைதி. அமைதி ஏறிய ஆயுதத்தைச் சுற்றி மூன்று கட்டத்துக்குள் எந்த மந்திரமும் வேலை செய்யாது. எதிரியின் மந்திரமும், நம்முடையதும்.

மாமாவும் பொடிசும் இருப்பதே போதும் என்றார்கள்.

"எனக்கு அமைதி," என்றாள் சின்னவள்.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தாள். "தீ அழிஞ்சிடும்டி."

"மந்திரவாதிக்கு இதுதான் சரி."

"கணக்குப் போட்டியா?"

"போட்டேன்."

அவள் எதிரில் இருந்த தாள் வெறுமையாக இருந்தது.

சதுப்பில் இறங்கியதும் மாமாவின் சுத்தியல் அணைந்தது. "என் டார்ச்சும் போச்சா! நீ தள்ளியே வாம்மா, நான் எங்கேயாவது சேத்துல விழுந்து வைப்பேன்," என்று பழுப்பு லென்ஸை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டார். பொடிசு ஈட்டியிடம் வழி கேட்டாள்.

"பதில் இல்ல," என்றாள் அக்கா, தன் சொந்தக் குரலில்.

பொடிசு கட்டங்களை எண்ணினாள். எதுவும் சொல்லாமல் மஞ்சள் லென்ஸை நான்காவது கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"அப்பாடா," என்றது ஈட்டி. "யாரோ என் வாயில துணிய அடைச்ச மாதிரி இருந்துச்சுடி."

சின்னவளின் முறை வந்தது. பச்சை லென்ஸை ஒரு கட்டம் முன்னே வைத்தாள். ஈட்டி அடங்கியது. பொடிசு மறுபடி விலகினாள். ஈட்டி ஒரு வாக்கியம் பேசியது. சின்னவள் மறுபடி நெருங்கினாள். பச்சையும் மஞ்சளும் சதுப்பைச் சுற்றி வந்தன.

"நாம கோபுரத்துக்குப் போறோமா, இல்ல நீங்க ரெண்டு பேரும் ஓடிப் பிடிச்சு விளையாடுறீங்களா?" என்றார் மாமா.

"பாதுகாப்புக்குத்தான் பக்கத்துல வர்றேன் மாமா," என்றாள் சின்னவள். காது சுட்டது. பொடிசு அவள் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவள் பக்கம் தள்ளினாள். சின்னவள் அதைத் தொடவில்லை.

கோபுரத்தில் ஏற்பாடு எளிமையானது. மாமாவின் குள்ளன் கதவை உடைப்பான். வில்லாளி அவன் பக்கத்திலேயே நிற்பாள்; மந்திரவாதி எதை ஏவினாலும் அவளுடைய அமைதி தடுக்கும். பொடிசு சன்னல் வழியாக ஏறி உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

மாமா கதவை உடைத்தார். பொடிசு சன்னலில் தொங்கிக்கொண்டு, "உள்ள என்ன தெரியுது?" என்று ஈட்டியைக் கேட்டாள்.

"ஒரு கிழவன்டி. தாடிய ஊற வச்சிருக்கான். பொறு, இவன எனக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம். உன் மாதிரியே தட்டுல மிச்சம் வைக்கிறவன்..."

பொடிசு சிரித்தாள். ஈட்டி அடுத்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சின்னவளின் கை பச்சை லென்ஸைத் தூக்கிச் சன்னலுக்கு அடியில் வைத்துவிட்டது.

மேசை அமைதியானது.

அக்கா கதவுக்கும் சன்னலுக்கும் நடுவில் இருந்த கட்டங்களை எண்ணினாள். பகடையை உருட்டினாள். "கதவுல நிக்கிறவர் கல்லாயிட்டார்," என்றாள்.

"நானா?" என்றார் மாமா.

"நீங்கதான்."

"போச்சு. நல்ல சட்டை போட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. மற்ற இருவரும் மந்திரவாதியை எப்படியோ முடித்தார்கள். அவனுடைய எந்த மந்திரமும் பச்சை லென்ஸைத் தாண்டவில்லை. அமைதி நல்ல தேர்வுதான். பழுப்பு லென்ஸ் மட்டும் கதவருகே தனியாகக் கிடந்தது.

கோப்பைகளைக் கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவர் பக்கத்துல நின்னிருந்தா தப்பிச்சிருப்பார்."

"கட்டத்தை எண்ணினதுல தப்பு."

"நீ எண்ணினதுல தப்பா?"

சின்னவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். கூடத்தில் பொடிசு பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு, கோபுரத்தின் அடித்தளத்தில் மந்திரவாதியின் உலை கிடைத்தது. மாமா அன்று கல், பேசக்கூடாது. வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கல் பிளக்கும் மந்திரம் இருக்கு," என்று அக்கா பட்டியலைப் படித்தாள். "கூரான ஆயுதமா இருக்கணும். பிளந்தா உள்ள இருக்கிறவர் பிழைப்பார். அம்புல ஏத்தினா தூரத்திலேர்ந்து அடிக்கணும், குறி தப்பினா அவர் ரெண்டு துண்டு."

எல்லோரும் ஈட்டியைத்தான் நினைத்தார்கள். சின்னவளும் நினைத்தாள். தானே அம்பில் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல ஒரு கணம் வாயெடுத்தாள். பகடையில் குறி தப்பும் வாய்ப்பு பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த முறை அவள் உண்மையாகவே கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டாள். கணக்கு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

"நானே ஏத்திக்கிறேன் அண்ணி," என்றாள் பொடிசு. "அண்ணன் பாவம், கழுத்து வலிக்கும்." பிறகு சின்னவளைப் பார்த்தாள். "அக்கா, கொஞ்சம் தள்ளிப் போறீங்களா? அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கணும்."

சின்னவள் பச்சை லென்ஸை எடுத்துத் தாளின் மறுமூலையில் வைத்தாள்.

"போறியா?" என்றாள் பொடிசு.

"போகச் சொல்றதே நீதானடி," என்றது ஈட்டி. "அழாத."

"நான் அழல. நீதான் அழற."

"இரும்பு அழுமா? வேர்க்குது. போர்வைய மடிச்சு வை. குளிச்சதும் தலைய நல்லாத் துவட்டு. பஸ்ஸ விடாத."

அக்காவின் குரல் கடைசிச் சொல்லில் நடுங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். தாளின் மூலையிலிருந்து சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈட்டியின் வாயை மூடவேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தாள். அது மூடப்போகிற நேரத்தில்கூட அவள்தான் வெளியே நின்றாள்.

ஈட்டி கல்லில் பாய்ந்தது. மாமா பிஸ்கட்டை விழுங்கி, "டீ ஆச்சா?" என்று உயிர்த்தார்.

"உனக்கு என்ன வேணும்?" என்று சின்னவளைக் கேட்டாள் அக்கா. அவளுடைய பார்வை தாளில் இருந்தது.

"பேச்சு," என்றாள் சின்னவள்.

மாமா தேநீரை மறந்து நிமிர்ந்தார். "அமைதி போயிடுமேம்மா. தீயும் இல்ல. அப்புறம் உன் வில்லு வெறும் குச்சிதான்."

"பரவாயில்ல."

அக்கா பென்சிலால் பழையதை அடித்து, புதியதை எழுதினாள். அவசரமே படவில்லை. பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"வணக்கம் மேடம்," என்றது வில். "தூரத்துக்கா, கிட்டத்துக்கா?"

அக்கா கடைக் கவுண்டரில் பேசும் குரல். மாமா வெடித்துச் சிரித்தார்.

"என்மேல கோபமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"கஸ்டமர்மேல கோபப்பட எங்களுக்கு அனுமதி இல்லீங்க."

"அப்ப கோபம்தான்."

"வேற ஏதாவது பார்க்கிறீங்களா மேடம்?"

பொடிசு மேசைமேல் சாய்ந்து அவள் காதருகே வந்தாள். "கேள்வி கேட்காதீங்கக்கா. கேட்டா பதில் மட்டும்தான் வரும். குறை சொல்லுங்க. திட்டுங்க. அப்பதான் அது வழிக்கு வரும்."

தன் அக்காவோடு எப்படிப் பேசுவது என்று நேற்று வந்தவள் சொல்லித்தருகிறாள். அதுவும் சரியாகச் சொல்லித்தருகிறாள். சின்னவளுக்கு அந்த நிமிடத்தில் பொடிசைப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் சொன்னாள்.

"ஏய் வில்லு. உன் குரல் சகிக்கல."

அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "ரிப்பேருக்கு வியாழக்கிழமை கடைக்கு வாங்க மேடம்."

"வியாழன் எனக்கு லேப்."

"லேப் முடிஞ்சு வாங்க. நான் இருப்பேன். பக்கத்துல டீயும் நல்லா இருக்கும்." அக்கா இப்போது அவளை நேராகப் பார்த்தாள்.

"நானும் வரட்டுமா அண்ணி?" என்றாள் பொடிசு.

மாமா பகடையை உருட்டுவதை நிறுத்தினார். சின்னவள் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லவேண்டிய இடம் அது. அவள் சொல்லவில்லை. வில் என்ன சொல்கிறது என்று காத்திருந்தாள்.

"வியாழக்கிழமை ஒரு டோக்கன்தாங்க," என்றது வில்.

சின்னவள் காலிக் கோப்பையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.