இறங்குபூரான்

மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் நேராக சிசிலியின் படத்தடிக்குத்தான் வந்தார்கள். வந்து, கழுத்தைச் சாய்த்து, அதிலிருந்த மாட்டின் முதுகையே பார்த்தார்கள். சிலர் விரலை நீட்டி, படத்தைத் தொடாமல், காற்றில் ஒரு கோடு இழுத்தார்கள். அப்புறம் சப்புக்கொட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். இரண்டு நாளாக இதே கூத்து. கூட்டத்துக்குக் குறைவில்லை. படத்தின் கீழே வைத்திருந்த டப்பாவில்தான் புளியங்கொட்டை விழுந்தபாடில்லை.

புளியங்கொட்டை நவீன்குமாரின் யோசனை. ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை பெங்களூர் என்று அலையாமல் கொழிஞ்சாம்பாறைக்கே திரும்பி வந்துவிட்டவன் அவன். பாலக்காட்டின் கிழக்கோரத்திலும் இடுக்கி மலையிலும் வரைகிறவர்கள், செதுக்குகிறவர்கள், களிமண் பிசைகிறவர்கள் என்று இருபத்திரண்டு பேரைத் தேடிப்பிடித்து, ஊர்க் கல்யாண மண்டபத்தில் நான்கு நாள் கலைச் சந்தை போட்டிருந்தான். டிக்கெட் கிடையாது. வயலிலிருந்து அப்படியே வரலாம், செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம் என்று வாசலில் எழுதியே வைத்திருந்தான். உள்ளே வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை கொடுப்பார்கள். பிடித்த படத்தின் டப்பாவில் அதைப் போட வேண்டும். அதிகம் விழுகிற மூன்று பேருடைய படங்கள் கொச்சிக்குப் போகும். அங்கே பெரிய கூடத்தில் ஒரு மாதம் இருக்கும். வரைந்தவர்களும் கூடப் போய்த் தங்கலாம்.

சிசிலிக்கு அந்தக் கொச்சி வேண்டும். பீர்மேட்டில் பிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில் ஒன்பது வருடமாகக் கட்சித் தலைவர்களின் கன்னத்தை வெள்ளையாக்கிக்கொண்டிருப்பவள் அவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எஸ்டேட் லைன் வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து தன் படத்தை வரைவாள். எங்கெங்கோ அனுப்பிப் பார்த்தாள். வா என்று கூப்பிட்டது இந்தச் சந்தை ஒன்றுதான். முப்பத்தொரு வயதில் இதுவும் கைநழுவிப் போனால் கன்னம் வெளுக்கிற வேலையே கதி என்று அவளுக்கு உள்ளூர பயம்.

படம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நாலடிக்கு மூன்றடி. மழையில் நனைந்த தேயிலைக்கு நடுவே கல்படி ஏறிப்போகும் ஒரு சிவப்பு மாடு, பின்னாலிருந்து பார்த்தபடி. முகமே தெரியாது. முதுகுதான் படம் முழுக்க. ஒவ்வொரு ரோமத்தையும் தனித்தனியாக இழுத்திருந்தாள். இதைவிட எப்படி வரைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிடிக்கவில்லை என்றால் யாராவது ஏன் இவ்வளவு நேரம் நின்று பார்க்க வேண்டும்?

மூன்றாம் நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, படம் பார்க்க வந்தவளைப் போலக் கூட்டத்தோடு நின்றாள்.

பதினொரு மணி வாக்கில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. "குப்பண்ணன் வந்துட்டாருங்க, அவரே சொல்லட்டும்" என்றார் ஒருவர். சுற்றுவட்டாரத்தில் யார் மாடு வாங்கினாலும் இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல் கயிற்றைக் கையில் வாங்க மாட்டார்கள். குப்பண்ணன் படத்தை அதிக நேரம் பார்க்கவில்லை.

"எறங்குபூரான்" என்றார். "சந்தேகமே இல்லீங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் நாங்கள் சொல்லவில்லையா என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

சிசிலி அவர் மனைவியின் பக்கம் மெல்ல நகர்ந்தாள். "அப்படின்னா என்னம்மா?"

ஜானகியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மிணிக்கு எந்தூருங்க? சுழி தெரியாதுங்களா? மாட்டு முதுகுத்தண்டு மேல ரோமம் பூரானாட்டம் கோடு போட்டு ஓடுமுங்க. திமிலப் பாத்து ஓடுனா ஏறுபூரான், ஊடு விருத்தியாகும். வாலப் பாத்து ஓடுனா எறங்குபூரான். கட்டுன ஊட்ல ஒவ்வொண்ணா கையை விட்டுப் போகுமுங்க. மாடு லட்சணமாத்தான் இருக்குது, பாருங்க. வரைஞ்சவங்களுக்கு வெவரம் பத்தல."

சிசிலிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். பெரிய கலை ரசிகர்கள் என்று இவர்களை நினைத்து இரண்டு நாளாகத் தன் நிறத்தையும் வெளிச்சத்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். இவர்களோ சந்தையில் மாடு பிடிக்க வந்திருக்கிறார்கள்! ஆனாலும் அவள் மனம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் செய்தது. ரோமத்தின் போக்கைக்கூட விடாமல் பார்க்கிற இப்படிப்பட்ட கண்கள் தன் படத்துக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"நான்தாம்மா வரைஞ்சேன்" என்றாள்.

ஜானகியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். குப்பண்ணனோ சங்கடமே படவில்லை. "நல்லதாப் போச்சுங்க. ரெண்டு நிமிசத்து வேலை. அந்தக் கோட்டை மட்டும் திமில் பக்கமாத் திருப்பி உட்ருங்க. அப்பறம் பாருங்க, டப்பா நெறையும்."

அவர் சொன்னால் நிறையும். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. பின்னால் நின்ற நவீன்குமார், "அக்கா, உங்க படம், உங்க இஷ்டமுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று நழுவிக்கொண்டான். சிசிலி பையிலிருந்து சின்ன தூரிகையை எடுத்தாள். சிவப்பைக் குழைத்தாள். பத்துக் கோடு இழுத்தால் கொச்சி.

தூரிகை முதுகுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது. எட்டு வயதிலிருந்து அந்த முதுகுக்குப் பின்னாலேயே கல்படி ஏறியவள் அவள். பொய்யாக ஒரு ரோமத்தைத் திருப்ப அவளுக்குக் கை வரவில்லை.

"இது நான் நெனச்சு வரைஞ்சதில்லைய்யா" என்று குப்பண்ணனிடம் திரும்பினாள். "எங்க வீட்டு மாடு. பேரு செம்பி. கம்பத்துப் பக்கம் சந்தையில யாருமே வாங்காம நின்னுச்சாம். எங்கப்பா கையில இருந்த காசுக்கு அதுதான் கெடைச்சது, ஓட்டிட்டு வந்துட்டாரு. எங்க லைன்ல யாரும் சுழி பாக்க மாட்டாங்க. மேடேறுமா, அட்டை கடிச்சா மெரளுமான்னுதான் பாப்பாங்க. பதினோரு வருசம் நின்னுச்சு. ஆறு கண்ணு போட்டுச்சு. நான் படிச்சது அது பாலுலதான்."

"ஆறு கண்ணுங்களா!" என்று யாரோ வியந்தார்கள். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. எவ்வளவு கறந்தது, என்ன தீனி, மலையில் புல் கிடைக்குமா என்று கேள்விமேல் கேள்வி. சிசிலி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவளுக்கே உற்சாகமாக இருந்தது.

குப்பண்ணன் கையை உயர்த்தினார். "அதெல்லாம் இருக்கட்டுமுங்க. ஊட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எஸ்டேட்டிலிருந்து யார் வந்து இங்கே சாட்சி சொல்லப் போகிறார்கள்?

"ஆச்சுய்யா" என்றாள் சிசிலி. "செம்பி வந்த மூணாம் வருசம் ஜீப்பு உருண்டு எங்க அண்ணன் ஜினோவுக்கு ஒரு காலு போச்சு."

"பாத்தீங்களா" என்றது கூட்டம்.

"அதே ஜீப்புல எங்க அண்ணன் பக்கத்துல இருந்தவரு செத்தே போயிட்டாரு. அவரு வீட்டுல மாடே கெடையாது."

குப்பண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிசிலி தூரிகையைக் கழுவப் போய்விட்டாள். அதன்பிறகு கேட்டது ஜானகியம்மாளின் குரல் ஒன்றுதான். வாசலருகே இருந்த குயவரின் டப்பாவுக்குள் கையை விட்டு, "வர்றப்பவே என்னோடதை இதுல போட்டுட்டேன், எடுத்து அந்த மாட்டு டப்பாவுல போட்டுக்கறேன்" என்று நவீன்குமாரிடம் மல்லுக்கு நின்றார். போட்டதைத் திருப்பி எடுக்க முடியாது என்று அவன் கும்பிடு போட்டு அவரை அனுப்பிவைத்தான்.

நான்காம் நாள் சாயங்காலம் எண்ணினார்கள். சிசிலியின் டப்பாவில் பத்தொன்பது இருந்தது. கொச்சிக்குப் போகிற மூன்று பேரில் கடைசி ஆளுக்கு நூற்று நாற்பது. எல்லோருடனும் சேர்ந்து அவளும் கைதட்டினாள், கண்ணில் மட்டும் நீர் முட்டிக்கொண்டு வந்தது. திருப்பி வரைந்திருக்கலாமே என்று ஒரு கணம் தன்னையே திட்டிக்கொண்டாள். படத்தைச் சுற்றப் பழைய சாக்கைப் பிரிக்கும்போது எதிரே இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன.

"சுத்தாதீங்க அம்மிணி" என்றார் ஜானகியம்மாள். "நாங்க எடுத்துக்கறோமுங்க."

குப்பண்ணன் அட்டையில் எழுதியிருந்த விலையை அப்படியே நீட்டினார். மாட்டுச் சந்தையில் மூன்று மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. சிசிலி நம்ப முடியாமல் அவரைப் பார்த்தாள். "அய்யா, இது எறங்குபூரான். நான் திருப்பல."

"தெரியுமுங்க."

"வீட்டுக்குள்ளயா மாட்டப் போறீங்க?"

ஜானகியம்மாள்தான் சொன்னார். "எங்க ஊட்லயும் ஒண்ணு பொறந்துச்சுங்க. இருவத்தஞ்சு வருசம் இருக்கும். இதே செவப்பு. பொறந்த ஈரம் காயறதுக்குள்ள இவரு முதுகப் பாத்துட்டாரு. பால்குடி மறந்ததும் தரகன்கிட்டப் புடிச்சுக் குடுத்துட்டாரு. கறிக்குத்தான் போயிருக்கும்னு நான் இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தேன்."

அதுதான் இது என்று அவர் சொல்லவில்லை. அப்படி இருக்கவும் நியாயமில்லை. சந்தை சந்தையாகக் கைமாறிப் போகிற கன்று எந்த மலை ஏறியது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் விரல் படத்தின் முதுகில் வால் பக்கமாகத் தடவிக்கொண்டு போனது. தொடக்கூடாது என்று சிசிலி சொல்லவில்லை.

"செம்பின்னுதானுங்க பேரு சொன்னீங்க?"

"ஆமாம்மா. எங்கம்மா வெச்சது."

"நல்ல பேரு" என்றார் ஜானகியம்மாள். "குடுத்துடப் போற மாட்டுக்குப் பேரு எதுக்குன்னு, நாங்க வெக்கவே இல்லீங்க."

குப்பண்ணன் குனிந்து படத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.