நன்றி சொன்னால் பட்டுப்போகும்

இங்கிலாந்தின் ஆஷ்கோம் கிராமத்தில் யாராவது செடி கொடுத்தால் நன்றி சொல்லக்கூடாது. சொன்னால் செடி பட்டுப்போகும். ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது, கேட்டவனைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். வாங்கிக்கொண்டு, தொண்டைக்குள் ஒரு உறுமல் உறுமிவிட்டு, பேச்சை மழைப்பக்கம் திருப்பிவிட வேண்டும். அந்த ஊர் மரியாதை அவ்வளவுதான்.

லண்டனிலிருந்து வந்து குடியேறிய மிஸ் மோனிகா பிரைஸுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் உட்கார்ந்து, அழைப்புக்கு அழைப்பு 'தேங்க் யூ' சொல்லியே தேய்ந்த வாய் அது. ஓய்வு பெற்றதும் கல்வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாக வந்தாள். வந்த வாரமே முன்புறத்து வெறும் மண்ணில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் தீட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு சிரில் டாகெட் சுவருக்கு அந்தப்புறமிருந்து எட்டிப் பார்த்தார். ரயில் பாதை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஹில்டா போன பிறகு நாள் முழுக்க வாய் திறக்காமல் கிடக்கிற மனுஷர்.

"என்ன மிஸ், ரயில்வே அட்டவணை போடுறீங்களா?"

"தோட்டத்துக்குத் திட்டம் போடுறேன், மிஸ்டர் டாகெட். இந்தக் கட்டத்துல வெள்ளை, அந்தக் கட்டத்துல இளம் ரோஸ்."

"ஓஹோ. செடியெல்லாம் அதைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் பூக்குமாக்கும்!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தன் கிண்டலுக்கு யாரோ சிரித்து எத்தனை நாளாயிற்று! கிழவருக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கிற்று.

அதன்பின் தினமும் சுவரடிதான். "தோட்டத்தை யாரும் போட மாட்டாங்க மிஸ், அதுவா சேரும்," என்பார். "எதிர்வீட்டுல மிஞ்சினது, பக்கத்து வீட்டுல பிடுங்கிப் போட்டது, காத்து கொண்டாந்தது. ரோஜா பக்கத்துலயே முட்டைக்கோஸ் நிக்கும், நிக்கட்டுமே." அவள் கொத்தினாள், எரு போட்டாள், திட்டத்தை அழித்து அழித்து எழுதினாள். கோடை முடிந்து நடுகிற பருவம் வந்தது. முதல் செடி தன் கையால் போகட்டும், அதுவும் இருப்பதிலேயே நல்லதாகப் போகட்டும் என்று சிரில் நினைத்தார்.

ஹில்டாவின் மஞ்சள் வால்ஃபிளவர்தான் அந்த நல்லது. அடுக்குப் பூ, கிராம்பு வாசனை. அடுக்கு என்பதால் விதையே வைக்காது. போத்து ஒடித்து நட்டு நட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். ஹில்டா கல்யாணத்தன்று தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்தது. கடைசியாகப் படுத்தபோதும், "நான் போனாலும் அது போயிடக்கூடாது, கேட்டியா சிரில்?" என்றுதான் சொன்னாள்.

வேர்விட்ட போத்து ஒன்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சுவர்மேல் வைத்தார்.

"ஐயோ, தேங்க் யூ! ரொம்ப தேங்க் யூ மிஸ்டர் டாகெட்!" மறுநாள் காலையில் கதவிடுக்கில் ஒரு நன்றி அட்டை வேறு.

"அறிவு இருக்கா உங்களுக்கு?" சிரில் சுவரடியில் நின்று கத்தினார். "கொன்னுட்டீங்களே! ஒரு செடியை வாங்கத் தெரியாத ஜென்மம்!"

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. காரணத்தை இவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. அதோடு சுவரடிப் பேச்சு நின்றது.

அந்த வருஷக் குளிர் கொடுமையான குளிர். பனி ஜன்னல் வரை ஏறி வாரக்கணக்கில் கரையாமல் கிடந்தது. கரைந்ததும் சிரில் குனிந்து பார்த்தார். ஹில்டாவின் செடி கைபட்டதும் சுள்ளியாக நொறுங்கியது. அதை ஒட்டி வைத்திருந்த போத்துகளும் போயிருந்தன. ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார். வந்து என்னவென்று கேட்கத்தான் யாருமில்லை.

மே மாதத்தில் ஒருநாள், சுவரைத் தாண்டிக் கிராம்பு வாசனை வந்தது.

மிஸ் பிரைஸின் புகைபோக்கிச் சுவரோரம் மஞ்சளாகப் பூத்து நின்றது அது! குளிர்காலமெல்லாம் தன் படுக்கைப் போர்வையைக் கொண்டுபோய் அதற்குப் போர்த்தியிருந்தாள். அப்போது அதைப் பார்த்து இவர் நக்கலாகச் சிரித்தவர். இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஆஷ்கோமில் அதற்கும் வழி உண்டு. திருடலாம். திருடிய செடிக்கு யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை, அதனால் அது தப்பாமல் பிழைக்கும். அந்த ஊரில் சர்ச்சுக்குப் போகிற கண்ணியமான பெண்களெல்லாம் குடைக்குள் போத்தை ஒளித்துக்கொண்டு வருகிறவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் மணி ஓய்ந்ததும் சுவரேறிக் குதித்தார். முழங்கால் கத்தியது. பூக்காத பக்கக் கிளைகளாகப் பார்த்து ஒடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

சமையலறை ஜன்னலில், கையில் கோப்பையோடு மிஸ் பிரைஸ் நின்றிருந்தாள். சர்ச்சுக்குப் போகவில்லை.

வெளியே வந்து கத்துவாள் என்று நின்றார். கத்தட்டும், நாலு வார்த்தை நாமும் பேசலாம். அவளோ ஒரு நொடி பார்த்தாள், அப்புறம் மெல்லத் திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

கடைக்கார மிஸஸ் பெடோஸ் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். செடித் திருடனைக் கண்டால் காணாததுபோல் இருப்பதும் அந்த ஊர் மரியாதைதான். அவள் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள்.

சிரில் வீட்டுக்கு வந்து மணல் கலந்த தொட்டியில் போத்துகளை நட்டார். கெட்டிலை வைத்தார். ஒற்றைக் கோப்பையை எடுத்தார். ஹில்டாவின் பூ கிடைத்தாயிற்று, சந்தோஷம்தான் வரவேண்டும். வரவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்தத் திரை மூடியதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது.

அடுப்பை அணைத்தார். தலையைச் சீவிக்கொண்டு, இந்தத் தடவை வாசல் வழியாகவே போய்க் கதவைத் தட்டினார்.

மிஸ் பிரைஸ் கதவைத் திறந்தாள்.

"தேங்க்ஸ்," என்றார் சிரில்.

அவள் பதறிப்போனாள். "ஐயையோ, சொல்லிட்டீங்களே! மிஸஸ் பெடோஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. உங்க மனைவியோட செடியாமே, செத்துடுமே மிஸ்டர் டாகெட்!"

"தெரியும்." தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். "செத்துதுன்னா, மறுபடியும் உங்ககிட்டதான் வந்து கேட்கணும். வரலாமா?"