மூக்கில் நிற்காத கண்ணாடி

காலை உணவு மேசையில், எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வெளிநாட்டிலிருந்து வந்த கொக்கு நாலாவது தடவையாகக் கண்ணாடியை விரலால் மேலே தள்ளியபோதுதான் அவள் தட்டைக் கவனித்தேன். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் பாதி சாப்பிட்ட மாதிரி இருக்கும். ஆனால் நான் பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தே காலம் தள்ளியாயிற்று. இவள் வந்து இறங்கிய மறுநாளே கடைக்குக் கூட்டிப்போய், மூக்கில் உட்காரும் இரண்டு தாங்கிகளையும் நெருக்கி, காதுக்குப் போகும் கம்பியைச் சூடு காட்டி வளைத்து, குனிந்து தலையை ஆட்டச் சொல்லி, விழவில்லை என்று பார்த்துத்தான் அனுப்பினேன். ஐந்து வாரம்தான் ஆகிறது. ஐந்து வாரத்தில் ஃப்ரேம் பெரிதாகாது, முகம்தான் சிறிதாகும்.

கொக்கு என்பது என் வீட்டுக்காரர் வைத்த பெயர். அவர் லிஃப்ட் மெக்கானிக், எதையும் உயரத்தை வைத்தே எடைபோடும் மனுஷர். விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும், "நம்ம வாலு கட்டில்ல இந்தக் கொக்கு எப்படிம்மா கால நீட்டும்?" என்று என் காதைக் கடித்தார். வாலு எங்கள் மகள். பதினாறு வயது, பிறந்ததிலிருந்து வாய் ஓய்ந்ததில்லை. இரண்டு பள்ளிக்கூடங்களும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. ஆறு மாதம் அவர்கள் பெண் இங்கே, எங்கள் பெண் அங்கே. இவள் கட்டிலில் அவள், அவள் கட்டிலில் இவள். கையெழுத்துப் போட்ட அன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை, தெருவில் கேட்டவருக்கும் சொன்னேன், கேட்காதவருக்கும் சொன்னேன். மகளை அனுப்பிவிட்டு வீடு திரும்பி, அவள் செருப்பு கிடக்கும் இடத்தில் அளவு பெரிதாக வேறொரு ஜோடி கிடப்பதைப் பார்த்தபோதுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு பைத்தியக்காரக் கணக்கு. இந்தப் பெண்ணுக்கு நான் ஒரு முட்டை கூட வைத்தால் அங்கே என் பெண்ணுக்கும் ஒரு முட்டை கூட விழும். இவளிடம் முகம் சுளித்தால் அங்கே அவளிடம் யாரோ முகம் சுளிப்பார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்போ நான் இவகிட்ட ஜோக் சொன்னா அங்க யாரு சிரிப்பா?" என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

"இன்னொரு துண்டு வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்குப் போதும். மிக்க நன்றி, அத்தை" என்றாள் கொக்கு. நம் மொழியை இரண்டு வருடம் புத்தகம் வைத்துப் படித்தவள், அறிவிப்புப் பலகை வாய் திறந்த மாதிரிதான் பேசுவாள். மறுபடி கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு பையை எடுத்தாள். பாவாடை இடுப்பில் ஊக்கு ஒன்று குத்தியிருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, துணியில் பழைய ஊக்கின் துளை தெரிந்தது.

"ஸ்கூல் விட்டதும் கடைக்கு வா. கண்ணாடிய சரி பண்ணிடலாம்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்குக் கடையில் ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். உரிமம் புதுப்பிக்கப் பார்வைச் சான்றிதழ் வேண்டும். இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். காத்திருக்கும்போதே கதவிடுக்கு வழியாக எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். "தெரியுதா?" என்றால் "பளிச்சுனு தெரியுதும்மா" என்று கடைசி வரி வரை ஒப்பிப்பார்கள். பலகையைத் திருப்பி, வேறு எழுத்து உள்ள பக்கத்தை மாட்டினேன். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. வேறு நாளாக இருந்தால் உள்ளே போய்ச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நாலு மணிக்குக் கொக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினேன். மூக்கின் இரு பக்கமும் தாங்கி பதிந்த தடம் இருக்கவேண்டிய இடத்தைவிட்டு அரை விரல் கீழே இருந்தது. கண்ணுக்கடியில் வீக்கம். அவளுடைய கன்னப் பொட்டில் விரல் வைத்து அளவு பார்த்தேன், அவ்வளவுதான். யாராவது தொடுவதற்காகவே காத்திருந்தவள் போல உடைந்துவிட்டாள். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. கடை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷர், உள்ளே போய்விட்டார்.

"யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? வீட்ல ஏதாச்சும் குறையா?"

"யாரும் எதுவும் சொல்லவில்லை, அத்தை" என்றாள். "யாருமே எதுவும் சொல்லவில்லை." அப்புறம் மெதுவாகத்தான் வந்தது. வகுப்பில் எல்லாரும் வேகமாகப் பேசுகிறார்கள், இவள் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. மதியம் தனியாக உட்கார்ந்தால் தொண்டையில் எதுவும் இறங்குவதில்லை. நான் கட்டிக்கொடுத்ததைப் பள்ளிக்கூட வாசலில் நாய்க்குப் போட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கொண்டுவருகிறாள். ஐந்து வாரமாக அந்தக் காலி டப்பாவைப் பார்த்து நான் பூரித்துக்கொண்டிருந்தேன்!

"உங்க அம்மாகிட்ட சொன்னியா?"

அவள் கண்ணாடி இல்லாத கண்ணால் என்னைத் தேடிப் பார்த்தாள். "அம்மாவிடம் சொல்லாதீர்கள். அவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்."

சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். கம்பியை மறுபடி சூடு காட்டி வளைத்து மாட்டிவிட்டேன். நின்றது.

டீச்சர் கொடுத்த விதிமுறைத் தாளின்படி இரண்டு அம்மாக்களும் வாரம் ஒரு செய்தி அனுப்பிக்கொள்ளலாம், அதற்குமேல் அவசரத்துக்கு மட்டும்தான். பிள்ளைகள் புது இடத்தில் வேர் பிடிக்கட்டும், பெற்றவர்கள் குறுக்கே நிற்கவேண்டாம் என்று. நான் எழுதுவேன், போன் அதை அவர்கள் மொழிக்கு மாற்றும். அன்று சாயங்காலம் என் வாரச் செய்தியை அனுப்பினேன்: உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: உங்கள் மகளும் நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். படித்ததும் மனது நிறைந்துவிட்டது. என்ன ஒரு மடச்சி நான்! நான் எழுதியது பொய், அந்த அம்மா எழுதியது மட்டும் சத்தியம் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாலு வீடியோவில் வந்தாள். அங்கே சாயங்காலம். வழக்கம்போல மூச்சு விடாமல் பேசினாள். அந்த வீட்டு நாய், பனி, பேருந்து, கணக்கு வாத்தியாரின் மீசை. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மீசையைப் பற்றிச் சொல்லும்போது அவள் விரல் மேலே போய்க் கண்ணாடியைத் தள்ளியது.

அந்தக் கண்ணாடி நான் மாட்டியது. கிளம்புவதற்கு முந்தின நாள், ஊர் தாண்டிப் போகிறதே என்று கொஞ்சம் இறுக்கமாகவே வைத்தேன். "வலிக்குதும்மா, தலைய நசுக்குற" என்று கத்தினாள். வலித்தால் வலிக்கட்டும், போகப் போகச் சரியாகும் என்றேன். இப்போது நினைத்தால், நாயைப் பற்றிச் சொன்னபோது ஒரு தடவை, பேருந்துக்கு ஒரு தடவை. எண்ண ஆரம்பித்துவிட்டேன். மகள் பேசுவது என் காதில் விழவில்லை. ஒன்பது.

"கண்ணாடி ஏன்டி எறங்குது?"

"ஸ்க்ரூ லூசும்மா."

"நல்லா சாப்பிடுறியா?"

"சூப்பரா சாப்பிடுறேன். ஆன்ட்டி டெய்லி கட்டித் தராங்க, டப்பா காலியாத்தான் வரும்" என்றாள். பத்து.

போனை வைத்ததும், அவள் பத்து தடவை கண்ணாடியைத் தள்ளினாள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஸ்க்ரூதான்னு அவளே சொல்றாளே. நீ ஒண்ணு, எதையாவது பிடிச்சுக்கிட்டு" என்றார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. செய்தித்தாளை எடுத்தார், பிரிக்காமலே கீழே வைத்தார். "ஸ்க்ரூ லூசா இருந்தா ஒரு பக்கம்தான் சாயும், இல்ல?" என்று கேட்டார்.

"ஆமா."

"எப்படி எறங்குச்சு?"

"நேரா."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நான் கொக்கைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். "உனக்குக் குடுத்த வாக்க மீறப்போறேன். என்னை மன்னிச்சிடு. எம் பொண்ணும் அங்க உன்னை மாதிரியே இருக்கான்னு நினைக்கிறேன். நான் உண்மையச் சொல்லாம உங்க அம்மா எப்படி எனக்கு உண்மையச் சொல்லுவாங்க?" என்றேன். வேகமாகப் பேசிவிட்டேனோ என்று நிறுத்தி, நிதானமாகத் திரும்பவும் சொன்னேன். அவளுக்கு முதல் தடவையே புரிந்திருந்தது.

எழுதினேன். உங்கள் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. இளைத்துவிட்டாள். என் முன்னால் அழுதாள். போன தடவை நான் எழுதியது பொய். என் மகள் எப்படி இருக்கிறாள்? போன் அதை அவர்கள் எழுத்துக்கு மாற்றியது. அவளிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைத் தொடவில்லை, அது நான் சரிசெய்த இடத்திலேயே நின்றது. போனை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் என் பக்கமாகத் தள்ளினாள். நான் அனுப்பினேன்.

உடனே படித்துவிட்டாள் அந்த அம்மா. பெயருக்குக் கீழே 'எழுதுகிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. வீட்டுக்காரர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கொக்கு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். நன்றாக இருக்கிறாள் என்று எழுத இவ்வளவு நேரம் ஆகாது. எழுத்து மறைந்தது, வந்தது. மூன்று பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்துக்குமேல் குனிந்திருந்தோம், அதன் கீழே மூன்று புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக எம்பி எம்பி அடங்கிக்கொண்டிருந்தன.