பக்கத்து சீட்டின் பிரேக்

இன்னும் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். நாலரைக்கு டாக்டர். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டே அவள் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர் மேசை டெக்னீஷியன் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது.

"என்ன தசமம், இன்னைக்குக் கால் தரையில நிக்கல?"

எந்த அளவையும் மூன்று தசமம் வரை எழுதாதவர்களை அவள் விட்டதில்லை. அதனால் வந்த பெயர். போன மாதம் ஃப்ரிட்ஜ் வெப்பநிலைப் பதிவேட்டில் இதே டெக்னீஷியன் விடுமுறை நாளுக்கும் சேர்த்து நான்கு டிகிரி என்று எழுதியிருந்ததைப் பிடித்தவளும் அவள்தான். "சார், ஞாயித்துக்கிழமை லேப் பூட்டிக் கிடந்துச்சு. ஃப்ரிட்ஜ் உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லுச்சா?" லேபே சிரித்தது. அவரும் காது சிவக்கச் சிரித்தார்.

"ஒரு பெரிய வேலை இன்னைக்கு முடியுது சார்," என்றாள்.

அந்த வேலை, ஆறு வருடமாக மனச்சோர்வுக்குச் சாப்பிட்ட மருந்தை நிறுத்துவது. எட்டு மாதமாக டாக்டர் சொற்படி குறைத்து வந்தாள். முதலில் முக்கால் மாத்திரை, பிறகு பாதி, பிறகு சிரிஞ்சில் அளந்து குடிக்கும் திரவம். ஒவ்வொரு முறை குறைத்த பிறகும் நான்கு வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு குடித்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், மனசுக்குப் பத்துக்கு எத்தனை, எல்லாம் ஒரு நோட்டில். "எல்லாரும் கடைசிப் படியிலதான் அவசரப்படுவாங்க. பார்க்கத்தான் அது குட்டி. உண்மையில அதுதான் உயரம்," என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மருந்து குறையக் குறைய ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. சோப்பின் வாசனை. பசி. பாட்டுக்குக் கண் கலங்குவது. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். அந்தத் துள்ளலில்தான் பதினோரு நாளுக்கு முன் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அடியில் ஒரே ஒரு சொட்டு. தண்ணீரில் இவ்வளவு சொற்பமாக எது இருந்தாலும் 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள். வாஷ்பேசினில் பீய்ச்சினாள். நோட்டில் வழக்கமான அளவையே எழுதினாள். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாட்களும்.

ஐந்தாம் நாளிலிருந்து தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் தொட்டதுபோல ஒரு சுரீர். அதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

மூன்றரைக்கு அக்கா வாசலில் ஹாரன் அடித்தாள். அக்கா ஓட்டுநர் பள்ளியில் கார் கற்றுக்கொடுப்பவள். வந்திருந்ததும் பள்ளிக் கார்தான். பக்கத்து சீட்டின் கீழும், கற்றுக்கொடுப்பவர் மிதிக்க, ஒரு பிரேக் இருந்தது.

"ஏறுடி மகராணி. என் சீட்டுல உக்கார்ற, காலைக் கொஞ்சம் அடக்கி வச்சுக்க."

"உன் காலை நீ அடக்கு. டிவியில கார் வேகமாப் போனாலே தரையை மிதிக்கிற ஆளு நீ."

"அது தொழில் வியாதி. வலது கால் சம்பளம் இல்லாம ஓவர்டைம் பாக்குது." அக்கா கியரை மாற்றினாள். "டாக்டர் மட்டும் 'இனிமே வராதீங்க'ன்னு சொல்லட்டும், அங்கேயே அழுதுருவேன். இப்பவே சொல்லிட்டேன், மானம் போச்சுன்னு என்னைத் திட்டாதே."

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். வெயில், கடைப்பலகைகள், சைக்கிள் மணி எல்லாமே இன்று அவளுக்காகவே துடைத்து வைத்ததுபோல் இருந்தன. பக்கவாட்டில் ஒரு பஸ்ஸைப் பார்க்கத் திரும்பினாள்.

சுரீர்.

கால் தானாக இறங்கியது. கார் நடுத்தெருவில் குலுங்கி நின்றது. பின்னால் ஏழெட்டு ஹாரன்கள்.

"என்னடி!"

"பூனை."

"எங்கே?"

"ஓடிடுச்சு."

அக்கா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து சிரித்தாள். "எனக்குத் தெரியாத பூனை உனக்குத் தெரிஞ்சிருக்கு. முதலாளிகிட்ட சொல்லி வேலை போட்டுத் தர்றேன்."

அவளும் சிரித்தாள். நான்கு வருடத்துக்கு முன் யாரையும் கேட்காமல் மருந்தை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் குளியலறையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. கதவை உடைத்து, தோளில் கை போட்டு வெளியே கொண்டுவந்தது இதே அக்காதான். அப்போதும் முதல் இரண்டு வாரம் இதே துள்ளல்தான் இருந்தது. இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

டாக்டர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை. கடைசி ரெண்டு வாரம்கூட ஒரே சீரா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜ்போல, என்று நினைத்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கா டாக்டர்," அக்கா முந்திக்கொண்டாள். கைக்குட்டை ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. "வர்ற வழியில பூனை குறுக்கே வந்துச்சு, எனக்கு முன்னாடி இவ பிரேக் போட்டுட்டா!"

டாக்டர் சிரித்தபடி பேனாவின் மூடியைக் கழற்றினார். ஒரு வரி எழுதினால் போதும். எட்டு மாதம் முடிந்துவிடும். வாயைத் திறந்தால் மறுபடி சிரிஞ்ச், மறுபடி வாரங்கள். பேனா காகிதத்தைத் தொட்டது.

"பூனை இல்ல டாக்டர்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "பதினோரு நாளா நான் மருந்தே குடிக்கல. நோட்டுல எழுதினது பொய்."

மேசைக்கடியில் அக்காவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மெதுவாக அழுத்தியது.